ஒருக்கா சொல்லேன் ஆவுடை

ஊசி இல்லை, ஆணி இல்லை, கொண்டையில் குத்துகிற அதுவும் இல்லை, ஆனால் மூன்றுக்கும் பங்காளி முறை வேண்டும், அதற்குப் பெயர் என்ன என்று கார் கொட்டகையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தபடி தளவாய் தேடிக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் கம்பித்துண்டு புது டென்ஷனரின் விலாவில் செருகியிருந்தது. ஆவுடை டென்ஷனரைக் கைக்குழந்தை மாதிரி தூக்கி வெயிலுக்குக் காட்டி, "வணக்கம் நண்பர்களே, இதை இப்பவே உருவிட்டீங்கன்னா உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு பாஞ்சு வந்து உங்க மூக்கைக் கடிச்சிரும், போல்ட்டை முறுக்கிட்டுக் கடைசியிலதான் உருவணும், மறக்காம சேனலை சப்ஸ்கிரைப் பண்ணிருங்க" என்று போன் வீடியோக்காரனாகவே மாறிச் சொன்னாள். அடுத்த மூச்சில் எதிர்வீட்டு மாரிக்கனியாக மாறி, "அட பாவத்த, பொம்பளப் பிள்ளையைக் காருக்குள்ள தலையை விட வச்சிருக்காளே இந்தச் செம்பகம், நாளைக்கு மாப்பிள வீட்டுக்காரன் வந்தாம்னா காலு மட்டும்லா தெரியும்" என்று தன்னைத்தானே அங்கலாய்த்துக்கொண்டு மறுபடி பானட்டுக்குள் குனிந்தாள். தளவாய் சிரித்தார். சிரிப்பு மட்டும் பழைய சிரிப்பாகவே வருகிறது, இடது பக்கமாகக் கொஞ்சம் ஒதுங்கி. பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெண், அவருக்கும் செம்பகத்துக்கும் ஒற்றை மகள், முகத்தில் இருப்பது ஒரு வாய்தான் என்றாலும் கோவில்பட்டியில் உள்ள அத்தனை வாயும் அதற்குள்தான் வாடகைக்குக் குடியிருக்கிறது. கடைசியில்தான் உருவணும், அது சரி, சரியாகத்தான் சொல்கிறாள், ஆனால் எதை உருவணும், அதற்குப் பெயர் உண்டே, கதவைத் தட்டிவிட்டுத் தெருவோடு ஓடிப்போகிற பொடியனைப் போல நாக்கு நுனிவரை வந்துவிட்டு ஓடுகிறதே. போகட்டும். ஓடட்டும். நேற்றுவரை காலையில் இந்தக் காரைக் கிளப்பினால் தகரச்சட்டியில் கடலை வறுக்கிற சத்தம். இஞ்சினுக்குள் மேலே சக்கரம், கீழே சக்கரம், இரண்டையும் ஒரே தாளத்தில் ஓட்டுகிற சங்கிலி. அந்தச் சங்கிலி தொய்ந்துவிடாமல் ஒரு பக்கமாக நெஞ்சைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே இருப்பதுதான் டென்ஷனருக்கு வேலை. அது சோர்ந்துவிட்டால் சங்கிலி ஆடும், ஆட்டத்தில் ஒரு பல் தாண்டிவிட்டால் வால்வும் பிஸ்டனும் தலையோடு தலை இடித்துக்கொள்ளும், அதோடு இஞ்சின் கதை முடிந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் அவரே மதுரைக்குப் போய்ப் புதிதாக வாங்கி வந்து, ஞாயித்துக்கிழமை போட்டுருவோம் ஏட்டி என்று சொல்லி டிக்கியில் வைத்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை வந்துவிட்டது.

வியாழக்கிழமையிலிருந்து தளவாய்க்கு ஒரே ஒரு சொல். வலது கை, யாரோ வந்தவர்கள் மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி கிடக்கிறது, அதுகூடப் பழகிவிட்டது. வலது கால் தரையைப் பெருக்கிக்கொண்டாவது கூட வருகிறது. வாய்தான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கடம்பூர், கழுகுமலை வழி சங்கரன்கோவில் என்று ஊர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த வாய். அத்தனை ஊரும் வரிசை கலையாமல் உள்ளே நிற்கத்தான் செய்கிறது, வாயைத் திறந்தால் வெளியே வருவது என்னவோ ரைட்டு. தண்ணீர் வேண்டுமென்றால் ரைட்டு. கொசு கடித்தால் ரைட்டு. சங்கரன்கோவிலில் இருந்து வந்த மச்சினன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தான் இப்படி ஆயிட்டீங்களே என்று மூக்கைச் சிந்தியபோதும் ரைட்டு. மற்றச் சொல்லெல்லாம் ஏதோ ஒரு வண்டியில் ஏறிப் போய்விட, இது மட்டும் வழியனுப்ப வந்த ஆள் மாதிரி பிளாட்பாரத்தில் நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் பூப்படம் போட்ட அட்டையை நீட்டி, "இது என்ன அங்கிள், பூ… பூ…" என்று உதட்டைக் குவிப்பாள். அவர் மல்லிகை, பிச்சி, கனகாம்பரம், கதம்பம் வரைக்கும் மனசுக்குள் தொடுத்து முடித்துவிட்டு வாயைத் திறப்பார். ரைட்டு. "சூப்பர் அங்கிள், ட்ரை பண்ணுனீங்க பாத்தீங்களா" என்பாள். பஸ் படத்தைக் காட்டியபோதும் ரைட்டுதான் வந்தது, அன்றைக்கு மட்டும் கைதட்டிவிட்டாள். அவள் படி இறங்கினாளோ இல்லையோ ஆவுடை அதே உதட்டைக் குவித்து, அதே அங்கிளை நீட்டி இழுத்து, அடுப்படியில் நடித்துக் காட்ட, செம்பகம், "சும்மா கெட ஏட்டி, படிச்ச பிள்ளையைப் போயி" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள். சிலேட்டில் இடது கையால் எழுதச் சொன்னார்கள். எழுத்தும் அதே பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் நிற்கிறது போலிருக்கிறது, கோடுதான் வந்தது, மண்புழு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு. செவ்வாய்க்கிழமை திருநெல்வேலி டாக்டரைப் பார்க்கப் போக வேண்டும், ஊரையே பஸ் ஏற்றிவிட்ட மனிதரைப் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போக முடியாது, அதனால்தான் இந்த அவசரம். மெக்கானிக் சேவியர் வந்து பார்த்துவிட்டு, ஒரு வாரம் கெடக்கட்டும் அண்ணாச்சி என்றார். சேவியர் போனதும் ஆவுடை சேவியராகி, வாய் நிறைய வெற்றிலை இருக்கிற மாதிரி தாடையைத் தூக்கி, "இஞ்சினை எறக்கித்தான் அண்ணாச்சி பாக்கணும், ஏன்னா எனக்கு எறக்க மட்டும்தான் தெரியும்" என்றாள். அப்புறம் தன் பாட்டுக்கு டிக்கியைத் திறந்து அட்டைப்பெட்டியை எடுத்துவிட்டாள்.

எல்லோரும் வருகிறார்கள் அந்த வாய்க்குள், சேவியர் வருகிறார், மாரிக்கனி வருகிறாள், அங்கிள் என்று இழுக்கிற பயிற்சிப் பெண் வருகிறாள், தெருவில் கோலமாவு விற்கிறவன், ஹெட்மாஸ்டர், பக்கத்து வீட்டுச் சேவல், எல்லோரும். அவர் மட்டும் வருவதில்லை. அவள் எடுத்த குரல்களிலேயே அசல் அவருடையதுதான் என்று ஊரே சொல்லும். ஒருநாள் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தவள், அவர் கைகழுவப் போன நேரம் பார்த்து மைக்கை எடுத்து, அவர் குரலிலேயே, "விளாத்திகுளம் செல்லும் பேருந்து டிரைவர் அவர்களின் கவனத்திற்கு, தாங்கள் டீ குடித்து வெகுநேரம் ஆகிவிட்டபடியால் உடனடியாக இறங்கி ஒரு டீ குடித்துவிட்டுச் செல்லவும்" என்று அறிவித்துவிட்டாள். டிரைவர் உண்மையாகவே இறங்கிப் போய்க் குடித்தார். அண்ணாச்சி மைக்குல சொன்னபிறகு தட்டமுடியுமா என்றார். தளவாய்க்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஈரக்கையோடு தூணுக்குப் பின்னால் நின்று, நம்ம குரல் இவ்வளவு நல்லாவா இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் என்ன ஆயிற்று என்றால், அதனால் ஒன்றும் ஆகவில்லை, அதை அவர் எத்தனை தடவை தனக்குச் சொல்லிக்கொண்டாலும் அந்த வியாழக்கிழமை இதோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. கழுகுமலை வழி என்று ஆரம்பித்தார். கழு வந்தது. கு வந்தது. அதற்கப்புறம் வந்தது எந்த ஊரும் இல்லை, கொழகொழவென்று ஒரு லாலா, ஸ்டாண்டு முழுக்க, எல்லா ஸ்பீக்கரிலும். டீக்கடையில் இருந்து ஒருத்தன், "தளவாய் மக மைக்கைப் பிடிச்சிட்டா டோய்!" என்று கத்தினான். ஸ்டாண்டே சிரித்தது. மேசைக்கண்ணாடியில் கன்னத்தை வைத்துப் படுத்தபடி அவர் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார், கண்ணாடி குளுகுளுவென்றிருந்தது, எச்சில் வழிந்து டைம் சார்ட்டு நனைந்தது, யாராவது வருவான் என்று பார்த்தார், சிரிப்புதான் வந்தது, பயணிகள் கைதட்டினார்கள்கூட. சாத்தூர் வண்டிக்காரன் நேரம் கேட்கக் கதவைத் தள்ளும்வரை அது ஓடியது. ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது செம்பகம் சேலையைக் கடித்துக்கொண்டு நின்றாள், பக்கத்தில் பள்ளிக்கூட யூனிபார்மோடு ஆவுடை நின்றாள். யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குப் பூட்டியதுதான். அவளுக்குள் அவர் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்டுவிட்டாள்.

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. தன் குரலை ஒருக்கா கேட்க வேண்டும். இதைப் போய் யாரிடம் சொல்வது, சொல்ல முடிந்தால்தான் கேட்கவே வேண்டாமே. ஒருநாள் மத்தியானம் படுத்துக்கிடந்தபோது சும்மா நினைத்துப் பார்த்தார், நம்ம குரல் எப்படி இருக்கும். ஞாபகம் வரவில்லை. செம்பகத்தின் குரல் வருகிறது, செத்துப்போன தம்பியின் குரல் வருகிறது, பஸ் ஹாரன் ஒவ்வொன்றும் தனித்தனியாக வருகிறது, தன்னுடையது வரவில்லை. வியர்த்துவிட்டது. அப்படியானால் இப்போது உள்ளே பேசிக்கொண்டிருக்கிறது யார், ரோட்டில் கிடக்கிற ரேடியோ மாதிரி எவன் பேசுகிறான் என்று காதைக் கொடுத்துப் பார்த்தார், அதற்குக் குரலே இல்லை, சொல் மட்டும்தான் ஓடுகிறது, எழுத்துப் போட்ட ஊமைப்படம் மாதிரி. போனில் ஏதாவது பதிவு இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். எதிரில் இருக்கிறவனிடம் பேசுகிறதை விட்டுவிட்டு டப்பாவுக்குள் பேசி அனுப்புவானாக்கும் என்று கேலி பேசிய ஆள் அவர். கல்யாண வீடியோ ஒன்று இருக்கிறது, அதில் பந்தியில் உட்கார்ந்து வாயை அசைத்து எவரையோ அதட்டுகிறார், மேலே நாதஸ்வரம். ஆக, உலகத்தில் அந்தக் குரல் மிச்சமிருக்கிற ஒரே இடம் இதோ பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு ஸ்பேனரைத் தேடுகிறது. ஒருக்கா சொல்லேன் ஆவுடை. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஒன்றுமில்லாத வாக்கியம், ஏதாவது ஒரு ஊர்ப்பெயர் போதும், கயத்தாறு என்றால்கூடப் போதும். போன வாரம் இடது கையால் தன் தொண்டையைக் காட்டி, அவள் வாயைக் காட்டி, மறுபடி தொண்டையைக் காட்டினார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்தார். வேறென்ன செய்வது. இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது, அவள் அந்தக் குரலை எடுத்தால், எடுத்து அவர் அதைக் கேட்டுச் சிரித்தால், அந்த வியாழக்கிழமைக்கு நீ பொறுப்பில்லை ஏட்டி என்று சொன்னதாகிவிடும். வேறு எப்படியும் அதை அவளிடம் சொல்ல வழியில்லை.

"எப்பா, பழசு வந்துட்டு, பிடிங்க" என்று அவள் கழற்றிய டென்ஷனரை அவருடைய இடது கையில் வைத்தாள். சூடு ஆறிய கருத்த எண்ணெய்ப் பிசுக்கு. கட்டைவிரலால் அதன் மூக்கை அமுக்கினார், உள்ளே போனது, போனது திரும்பி வரவில்லை. இப்போது பயம் பிடித்துக்கொண்டது. டேப்பட் கவரைக் கழற்றி வைத்திருக்கிறாள், மேல் சக்கரம் தெரிகிறது, அதன்மேல் கிடக்கிற சங்கிலி தாங்க ஆளில்லாமல் தொளதொளவென்றிருக்கிறது. மார்க்குக்கு மார்க் சரியாக வைத்துத்தான் கழற்றியிருக்கிறாள், சாக்பீஸால் கோடுகூடப் போட்டிருக்கிறாள், இருந்தாலும் இந்த நேரத்தில் யாராவது கீழ்ச் சக்கரத்தைச் சுற்றுகிற கிராங்க்கை ஒரு இழை திருப்பிவிட்டால், கை பட்டுவிட்டால், கியரில் கிடக்கிற வண்டியை எவனாவது வந்து தள்ளிவிட்டால், ஒரு பல், ஒரே ஒரு பல். எல்லாம் ஒரு பல்தானே. எங்கேயோ ஒரு பல் தாண்டிவிடுகிறது, வெளியே பார்த்தால் அதே ஆள், அதே மீசை, உள்ளே திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காது, மூட வேண்டிய நேரத்தில் மூடாது. மறுபடி வரும் என்று டாக்டர் சொன்னார், வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று, வருகிறது என்றால் எங்கே இருந்து வரும், வாசல் வழியாகவா. தலைக்குள் சங்கிலி ஆடுகிற சத்தம் கேட்கிறதா என்று சில காலைகளில் எழுந்ததும் அசையாமல் படுத்துக் கவனிப்பார். இப்போதும் கவனித்தார். கேட்டதெல்லாம் அடுப்படியில் செம்பகம் பூரிக்கு மாவு தேய்க்கிற கட்டையின் உருட்டல். ஞாயிற்றுக்கிழமை என்றால் பூரிதான். முன்பெல்லாம் காருக்குக் கீழே அவர் படுத்திருப்பார், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு இவள் குத்த வைத்திருப்பாள், உள்ளிருந்து செம்பகம், எண்ணெய் காயுது, பூரியைப் போடவா என்று கத்துவாள். அவர் வாயைத் திறக்குமுன்னே இவள் அவராகி, கொஞ்சம் பொறு ஏளா என்பாள். செம்பகம் பொறுப்பாள். அவளுக்கு வித்தியாசம் தெரியாது, தெரிந்ததே இல்லை, காருக்குக் கீழே அவரும் மேலே இவளும் சத்தம் வராமல் குலுங்குவார்கள், அவர் மூக்கின்மேல் எண்ணெய்ச் சொட்டு விழும். கடைசியில் அவர் உண்மையிலேயே பூரியைப் போடு என்றால், ஒங்க மக கொரலுக்கெல்லாம் நான் ஏமாற மாட்டேன் என்று பதில் வரும். எத்தனை ஞாயிறு ஆறிய பூரி.

புது டென்ஷனர் உள்ளே போய்விட்டது. அவள் அதை இடது உள்ளங்கையால் இஞ்சினோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணால் பார்க்க முடியாத இடத்தில் வலது விரல் நுனியால் போல்ட்டைத் துழாவித் திருகிக்கொண்டிருந்தாள், நாக்கைக் கடித்திருந்தாள், புருவத்தில் வியர்வை தொங்கியது. முதல் புரி பிடிக்க வேண்டும், கோணலாகப் பிடித்தால் புரி செத்துவிடும், மெதுவா, மெதுவா ஏட்டி என்று அவர் உள்ளே சொல்லிக்கொண்டிருந்தார். எண்ணெய் வாடை, ரப்பர் வாடை, தகரம் சூடாகிற வாடை. உள்ளே கட்டை உருள்வது நின்றது. "எண்ணெய் காயுது, பூரியைப் போடவா?" என்று செம்பகம் கத்தினாள். "ஏளா, சும்மா கெட, கையைக் கழுவிட்டு வாரோம்" என்று தளவாய் சொன்னார். சொன்னார். சொன்னது காதில் விழுந்தது. அடியில் கொஞ்சம் ஆற்றுமணல் கிடக்கிற குரல், வாரோம் என்பதில் கடைசி எழுத்தை மைக்குக்காரன் இழுக்கிற மாதிரி ஒரு இழுவை, அது நான்தான், நான்தானே, வந்துவிட்டதே, இவ்வளவு சாதாரணமாகவா வரும், தும்மல் மாதிரி, தேடாத நேரத்தில் என்று நாக்கைத் தொட்டுப் பார்க்கப் போனார், உள்ளே பல்லுக்குப் பின்னால் அது அசையாமல் கிடந்தது, நனைந்த துணி மாதிரி, உதடு மூடியிருந்தது. பானட்டுக்குள் ஆவுடையின் முதுகு அப்படியே உறைந்து நின்றது. விளிம்பில் வைத்திருந்த ஸ்பேனர் இஞ்சினுக்குள் எங்கோ விழுந்து, எதிலெதிலோ தட்டிக்கொண்டு, தரைக்கு வந்தது.

செம்பகம் ஓடிவந்தாள். ஓடிவந்த மாதிரி தெரியவில்லை, அடுப்படியில் இருந்தவள் கொட்டகையில் இருந்தாள், கையில் சட்டுவம், சட்டுவத்தில் இருந்து சுடு எண்ணெய் அவள் கால்விரலிலேயே சொட்டியது, அது அவளுக்குத் தெரியவில்லை. "என்னங்க" என்றாள். "பேசினீங்களா? நீங்களா? எங்கோமதி, எந்தாயி, ஒனக்கு மாவிளக்கு எடுக்கேன்" என்று சங்கரன்கோவில் இருக்கிற திசைக்குக் கையை எடுத்தாள், சட்டுவத்தோடேயே. முட்டிபோட்டு அவர் முகத்தைக் கோதுமை மாவுக் கையால் பிடித்தாள். இந்த மூன்று மாதத்தில் அவர் பார்க்காத முகம் அது, கல்யாணத்துக்கு முன்னால் சினிமாக் கொட்டகை வாசலில் பார்த்த முகம். "இன்னொருக்கா சொல்லுங்க. மெதுவாச் சொன்னாப் போதும். ஏளான்னு மட்டும் சொல்லுங்க." அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும், திறக்காத வரைக்கும் அந்த முகம் இருக்கும், எவ்வளவு நேரம் பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் உதட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார், மூக்கால் மூச்சு விட்டார். ஆவுடை திரும்பினாள். எதையாவது சொல்லித் தொலைக்காதே ஏட்டி, பூரியைப் போடச் சொல்லு, ஒரு சேவலாவது கூவு. "எம்மா" என்றாள் அவள், "நாந்தான். தெரியாம வந்துட்டு." செம்பகத்துக்கு முதலில் புரியவில்லை. "நீ என்ன?" என்றாள். "நாந்தாம்மா சொன்னேன். கை வேலையா இருந்தேன், நீ கேட்டியா, வாய் தன்னால சொல்லிட்டு." செம்பகத்தின் முகத்தில் ஒவ்வொன்றாக இறங்கியது, கண் முதலில், அப்புறம் புருவம், சிரிப்பு மட்டும் தனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை என்கிற மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

அவள் கத்துவாள் என்று பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை. எழுந்து, சட்டுவத்தைக் காரின் மேல் வைத்துவிட்டு, "அன்னைக்கு ஆடுனது போதாதா ஒனக்கு?" என்றாள், பக்கத்து வீட்டுக்குக்கூடக் கேட்காத குரலில். மூன்று மாதமாக யாரும் சொல்லாமல் வைத்திருந்தது. ஆவுடை அடிவாங்கின மாதிரிகூட இல்லை, வரவேண்டிய தபால் வந்து சேர்ந்த மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். "ஒங்கப்பா வாயைக் கட்டிப்போட்டுட்டு ஒக்காந்திருக்காரு. அவர் கண்ணு முன்னாலயே அவர் கொரலை எடுத்து அவருக்கே காட்டுதியே, அந்த மனுசனுக்கு எப்படிட்டி இருக்கும்?" எப்படி இருந்தது என்றால், செம்பகம், எப்படி இருந்தது என்றால் என்று தளவாய் உள்ளே கிடந்து முட்டினார், ஒருக்கா கேட்டுட்டேன், நல்லா இருக்கு, இன்னொருக்கா வேணும், அவளை விடு, அவ ஒண்ணும் செய்யலை, அன்னைக்கும் செய்யலை. வாய் தானாகத் திறந்தது. "ரைட்டு" என்றது. "பாத்தியா" என்றாள் செம்பகம். "வா இங்க. அப்பா தலையில கையை வையி. இனிமே அவர் கொரலை எடுக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு." ஆவுடை கையைப் பேண்ட்டில் துடைத்தாள். துடைத்தும் போகவில்லை. நாற்காலிக்கு முன்னால் வந்து நின்று, கண்ணைப் பார்க்காமல், கருத்த உள்ளங்கையை அவர் உச்சந்தலையில் வைத்தாள். வேண்டாம். தளவாய் இடது கையைத் தூக்கி அவள் மணிக்கட்டைப் பிடித்தார், எடு, கையை எடு என்று தன்னால் முடிந்த மட்டும் இழுத்தார், அந்தக் கைக்கு இழுக்கத் தெரிந்த திசையெல்லாம் கீழே பார்த்ததாகவே இருந்தது. "பாரு, அவரே பிடிச்சு வைக்காரு பாரு" என்று செம்பகம் விம்மினாள். அவர் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். தலையோடு சேர்ந்து அவள் கையும் ஆடியது, தாலாட்டுகிற மாதிரி. "அழாதீங்கப்பா" என்றாள் ஆவுடை. "இனிமே எங்கப்பா கொரலை எடுக்க மாட்டேன். இது எங்கப்பா தலை மேல சத்தியம். எடுத்தா—" அதற்குமேல் சொல்லவிடாமல் செம்பகம் அவள் வாயைப் பொத்தினாள். எடுத்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். தலைமேல் பண்ணின சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் வினை. இனி அவர் எழுதிக் காட்டினாலும், வாய் வந்து வாய்விட்டுக் கேட்டாலும், இந்தப் பெண் செய்யாது.

செம்பகம் முந்தானையால் அவர் தலையைத் துடைத்தாள். பிசுக்கு பரவியதே தவிரப் போகவில்லை, காதோரம்வரை கொண்டுவந்து இழுவிவிட்டாள், அப்புறம் அதைப் பார்த்து, "சீயக்காய் போட்டுத்தான் தேய்க்கணும்" என்று சொல்லிவிட்டுக் கால்விரலில் வெந்த இடத்தை இப்போதுதான் குனிந்து பார்த்தாள். உள்ளே எண்ணெய் புகைந்து வாடை வந்தது, நொண்டிக்கொண்டு ஓடினாள். ஆவுடை தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தாள். வீடியோக்காரன் வரவில்லை, சேவியர் வரவில்லை, மாரிக்கனி எட்டிப் பார்க்கவில்லை. இரண்டு போல்ட்டையும் முறுக்கினாள், அந்தச் சின்னக் கம்பியை உருவினாள், உள்ளே டக்கென்று ஒரு சத்தம், சங்கிலி நிமிர்ந்தது. பின், அதற்குப் பெயர் பின், லாக் பின் என்று எங்கிருந்தோ வந்து நின்றது, தேவையில்லாத நேரத்தில். நீளமான ஸ்பேனரைக் கிராங்க்கில் மாட்டி, இரண்டு சுற்று, கையால், நிதானமாகச் சுற்றினாள், சாக்பீஸ் கோடுகள் திரும்பி வந்து தத்தம் இடத்தில் நின்றன. குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் இடது கையைத் தூக்கி, சரி என்கிற மாதிரி வைத்தார். கவரை மூடி, பேட்டரி வயரைப் பூட்டி, உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருகினாள். கடலை வறுபடவில்லை. துணி உரசுகிற மாதிரி மெத்தென்று எடுத்து, அப்படியே ஓடியது. "கேக்காப்பா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். அது யாருடைய குரலும் இல்லை, அவளுடையது, கீச்சென்று, கொஞ்சம் பயந்த குரல், இத்தனை வருஷமும் இது எங்கே இருந்தது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தலையை ஆட்டினார். அதற்குள் மனசுக்குள் தன் குரலை ஓட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்: ஏளா, சும்மா கெட, கையைக் கழுவிட்டு வாரோம். முதல் தடவை அப்படியே வந்தது, மணலும் இழுவையும் மாறாமல். அடுத்த தடவை இழுவை கொஞ்சம் குட்டையாக இருந்தது. அதற்கடுத்த தடவை, கெட என்கிற இடத்தில் ஆவுடையின் கீச்சு கலந்திருந்தது. தளவாய்க்குத் திக்கென்றது. நிறுத்த வேண்டும், கேட்கக் கேட்கத் தேய்ந்து போகும், இருக்கிற மட்டும் இருக்கட்டும் என்று மூடி வைத்துவிட வேண்டும், என்றைக்காவது ஒருநாள் வேண்டியிருக்கும். வேறு எதையாவது பார்ப்போம் என்று கண்ணை உயர்த்திக் கொட்டகைத் தகரத்தில் ஆணி போன ஓட்டைகளை, வெயில் குத்திக்கொண்டு இறங்குகிற ஒவ்வொன்றாக, இந்த ஓரத்தில் இருந்து எண்ண ஆரம்பித்தார். அந்த ஓரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் இன்னொரு தடவை ஓட்டிவிட்டார்.